வலிக்காத பல்லுக்கு வைத்தியம் வேண்டுமா?

நம் வணிகப் பெருமக்களில் பெரும்பாலோர் பல் மருத்துவரிடம் போவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். இரவு தூங்க விடாமல் பல் வலிக்க வேண்டும். கிராம்புத் தைலம் வைத்து, உப்பு நீரில் கொப்பளித்து, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி, எதற்கும் அடங்காத பிறகுதான் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நடுவில் வலி நின்றுவிட்டால் அந்தப் பயணமும் நின்றுவிடும்.

அறுபது வயதுக்கு மேல் இந்தக் கணக்குச் சரிப்பட்டு வராது. இந்த வயதில் வாயில் உண்டாகும் கோளாறுகளில் பல, வலியே இல்லாமல் வருகின்றன. வேறு ஏதோ பல்லுக்காகப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் கடைவாய்ப் பல்லின் வேரடியில் ஒரு நிழல் தெரிகிறது. வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டும்" என்று மருத்துவர் சொல்வார். நமக்கோ அந்தப் பல்லில் ஒரு தொந்தரவும் இல்லை. நேற்றுக்கூட அதில்தான் முறுக்குக் கடித்திருப்போம். வலிக்காத பல்லுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வதா? பிடுங்கிவிடுவதா? அப்படியே விட்டுவிடுவதா?

இதற்கு இரண்டு அவசரத் தீர்ப்புகள் உண்டு. "வலிக்காததைத் தொடாதே" என்பது ஒன்று. "டாக்டர் சொல்லிவிட்டார், எல்லாவற்றையும் செய்துவிடு" என்பது மற்றொன்று. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக வேண்டாம் என்பதும், மொத்தமாக எடுத்துக்கொள்வதும் வியாபாரிக்கு அழகல்ல. பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே காண்போம்.

வலி ஏன் வருவதில்லை?

பல்லின் வெளியே எனாமல் என்ற கெட்டியான ஓடு இருக்கிறது. அதற்கு உள்ளே டென்டீன் என்ற சற்று மென்மையான பகுதி. அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய கூழ் போன்ற பகுதி. வலி தெரிவது இந்தக் கூழ்ப் பகுதியால்தான். வயது ஏற ஏற உள்ளே டென்டீன் படிந்துகொண்டே வருவதால் கூழ்ப் பகுதி சுருங்கிப்போகிறது. இருபது வயதில் ஐஸ் தண்ணீர் பட்டாலே கூசிய பல், அறுபத்தைந்தில் பாதி சொத்தையான பிறகும் வாய் திறக்காமல் இருக்கும்.

சொத்தை கூழ்ப் பகுதிவரை போய்விட்டால் சில நாள் கடும் வலி வரலாம். பிறகு நரம்பு செத்துவிடும், வலியும் நின்றுவிடும். கடன்காரர் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றால் கடன் தீர்ந்துவிட்டது என்று பொருளா? அவர் வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதுபோலக் கிருமிகள் வேரின் நுனி வழியாக வெளியேறித் தாடை எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிவது அந்தக் கரைந்த இடம். சிலருக்குச் சீழ் ஈறு வழியாகத் துளையிட்டு வெளியேறும். ஈறில் சிறு கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். சீழுக்கு வடிகால் இருப்பதால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாததால் வலியும் இல்லை.

ஈறு நோயும் சத்தமில்லாமல்தான் வேலை செய்யும். பல் தேய்க்கும்போது ரத்தம், வாய் நாற்றம், பல் நீண்டதுபோல் தெரிவது, இடுக்கில் உணவு சிக்குவது, கடைசியில் பல் ஆடுவது என்று படிப்படியாக வரும். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவும் குறைவாகவே தெரியும் என்பதால் நோய் இன்னும் மறைந்து நிற்கும்.

மூன்றாவது, வேர்ச் சொத்தை. ஈறு கீழே இறங்கினால் எனாமல் ஓடு இல்லாத வேர்ப்பகுதி வெளியே வருகிறது. ரத்தக் கொதிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள், நீர் பிரியத் தரும் மாத்திரைகள் ஆகியவை உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீர் குறைந்த வாயில் வேர் வெகு சீக்கிரம் அரிக்கப்படும். இதிலும் தொடக்கத்தில் வலி இருக்காது.

ஆகவே, வலி இல்லை என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. இனி மூன்று வரிசையாகப் பிரிப்போம்.

முதல் வரிசை: தள்ளிப்போடக் கூடாதவை

ஒன்று. வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, முன்புபோல் வாயை அகலத் திறக்க முடியாமை. வாய்ப் புற்று பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதனால்தான் பலர் காலம் கடந்து வருகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுதும் பாக்கு மெல்லும் பழக்கம் நம் தொழிலில் அதிகம். "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பது சமாதானம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கையும் புற்று உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. இந்த வரிசையில் செலவுக் கணக்குப் பேச்சுக்கே இடமில்லை. அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும்.

இரண்டு. அடிக்கடி கொப்புளம் தோன்றி உடையும் ஈறு, புதிதாக ஆடத் தொடங்கிய பல், சீழ் வடியும் ஈறு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம். சர்க்கரை கூடினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிறது. ஈறு சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.3 முதல் 0.4 வரை குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2022-இல் தெரிவித்தனர். 8.0 இருப்பவருக்கு 7.6 ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு இல்லை. ஆனால் ஈறைச் சுத்தம் செய்யும் சிறு செலவுக்கு நல்ல வரவுதான்.

மூன்று. பெரிய சிகிச்சை ஒன்று காத்திருக்கும்போது. இதய வால்வு மாற்றுபவர், கழுத்துக்கு மேல் கதிர்வீச்சு சிகிச்சை பெறப் போகிறவர், புற்றுக்கு மருந்து ஏற்றப் போகிறவர், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடத் தொடங்குபவர் ஆகியோர் வாயை முன்கூட்டியே சீர் செய்துகொள்ள வேண்டும். நாம் அறிந்த ஒரு பருப்பு வியாபாரிக்கு வால்வு அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பணம் கட்டியாயிற்று. கடைசிப் பரிசோதனையில் வாயில் மூன்று அழுகிய வேர்கள் இருப்பதைக் கண்டு அறுவையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேர்களை எடுத்து, புண் ஆறி, மறுபடி நாள் கிடைக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கழித்த அந்த ஒன்றரை மாதம் குடும்பத்தாருக்குப் பெரும் சோதனை. அந்த வேர்கள் பல வருடங்களாக அவருக்கு ஒரு நாளும் வலித்ததில்லை.

இரண்டாம் வரிசை: பேசி முடிவு செய்ய வேண்டியவை

வேரடி நிழல் இந்த வரிசையைச் சேர்ந்தது. இதிலும் இரண்டு வகை உண்டு. இதுவரை வேர் சிகிச்சை செய்யாத பல்லில் நிழல் என்றால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று பொருள். அது தானாக ஆறுவதில்லை. வேர் சிகிச்சையோ, பிடுங்குவதோ இரண்டில் ஒன்றைச் செய்வதே முறை. ஆனால் காய்ச்சல், வீக்கம் இல்லாதவரை இன்றே செய்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. விசாரிக்கவும், வேறொருவரிடம் காட்டவும் சில வாரம் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். பண்டிகை வியாபாரம் முடியட்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவது வேறு விஷயம். நாம் தேதி குறிக்காவிட்டால் பல் ஒரு தேதி குறிக்கும். அது பெரும்பாலும் தீபாவளி வாரமாகத்தான் அமையும்.

ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பல்லில் சிறு நிழல் தெரிந்தால் நிலைமை வேறு. அது புதிதா பழையதா, பெருகுகிறதா சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சில பற்களில் சிகிச்சைக்குப் பின் எலும்பு நிரம்ப மூன்று நான்கு வருடம்கூட ஆகும். பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, மாற்றம் இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பல மருத்துவர்களே சொல்வார்கள். இதனால்தான் பழைய எக்ஸ்ரேக்களை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். விற்பனை வரிக் காலத்துப் பில்லையே கட்டுக் கட்டாக வைத்திருக்கும் நமக்கு இது பெரிய வேலை ஆகாது.

அடுத்து, போன பற்களின் இடம். பின்னால் இரண்டு மூன்று கடைவாய்ப் பற்கள் இல்லை, ஆனால் சாப்பிட முடிகிறது, வலி இல்லை. கட்டாயம் புதுப் பல் கட்ட வேண்டுமா? நெதர்லாந்தின் கைசர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு வழி காட்டியது. முன்பற்களும் அவற்றுக்குப் பின்னுள்ள சிறு கடைவாய்ப் பற்களுமாகச் சுமார் 20 பற்கள் ஒழுங்காக ஒன்றையொன்று சந்தித்தால் பெரும்பாலோருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்குப் போதும் என்பது அதன் சாரம். ஜப்பானில் 1989-இல் தொடங்கிய இயக்கத்தின் முழக்கமும் "80 வயதில் 20 பற்கள்" என்பதே. ஆகவே இடைவெளி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இம்ப்ளாண்ட் போட வேண்டியதில்லை. மென்று தின்ன முடியாமல் கீரையையும் பயறையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சியும் ரொட்டியுமாக வாழத் தொடங்கியிருந்தால், அப்போது பல் கட்டுவது ஆடம்பரம் ஆகாது, அவசியம்.

வேர்ச் சொத்தையும் இந்த வரிசைதான். எல்லாவற்றையும் குடைந்து அடைக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த ஒரு திரவத்தைச் சொத்தையின் மேல் தடவி அதை வளராமல் நிறுத்தும் முறை இருக்கிறது. ஊசி இல்லை, குடைவது இல்லை, செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப்போகும் என்பது ஒன்றுதான் குறை. சிரித்தால் தெரியாத பின்பல்லில் கறுப்பைப் பற்றிக் கவலை எதற்கு?

மூன்றாம் வரிசை: விட்டுவிடக் கூடியவை

இளமையில் அடைத்த வெள்ளிக் காரை நன்றாக இருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். பாதரசம் சேர்ந்தது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் புதிதாக அதை வைப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. சுற்றுச்சூழலைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். நல்ல நிலையில் உள்ள பழைய காரையை எடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தெளிவாகவே சொன்னது. பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிப்படும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல், நோய் ஏதும் இல்லாதவரை அங்கேயே கிடக்கட்டும். நோயில்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2000-இல் அறிவுறுத்தியது. அறுபதுக்கு மேல் அறுவைக்குப் பின் ஆறுவதும் மெதுவாகவே நடக்கும்.

வயதுக்கேற்ற தேய்மானம், மஞ்சள் நிறம் ஆகியவை கணக்கில் சேராதவை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் உள்ள பழுப்புக் கறையும் அப்படியே. அழகுக்காகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு காலத்தில் ஆகும்?" இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

2. "எக்ஸ்ரேயில் எனக்குக் காட்டுங்கள்." நல்ல பல்லையும் கெட்ட பல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சாதாரணக் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். படத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

3. "சிகிச்சை செய்தாலும் இந்தப் பல் நிற்குமா?" ஈறுக்குக் கீழே பிளந்த பல், எலும்பு போய் ஆடும் பல் ஆகியவற்றுக்கு வேர் சிகிச்சை செய்வது இடியப்போகும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

4. "முழுச் செலவு எவ்வளவு?" வேர் சிகிச்சைக்கு ஒரு தொகை சொல்வார்கள், உறைக்குத் தனி. கடைவாய்ப் பல்லுக்கு உறை போடாவிட்டால் உடைந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பிடுங்குவது இன்றைக்கு மலிவு. பிறகு அந்த இடத்தை என்ன செய்யப் போகிறோம்? பிரிட்ஜ் கட்டினால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவ வேண்டும். இம்ப்ளாண்ட் என்றால் செலவு இன்னும் அதிகம். வெற்றிடமாகவே விடலாம் என்றால் பிடுங்குவது உண்மையிலேயே மலிவுதான். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் ஏற்பட்ட காயம் தவிரச் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

5. "கவனித்துப் பார்ப்போம் என்றால், எப்போது மறுபடி வர வேண்டும்?" தேதி இல்லாத கவனிப்பு, தேதி இல்லாத பிராமிசரி நோட்டுப் போன்றது.

ஒரே நாளில் ஆறு பல்லுக்குச் சிகிச்சை என்று சொல்லி, முன்பணம் கட்டச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டுவதில் தவறில்லை. நாம் அறிந்த ஒரு வெங்காய மண்டிக்காரர் அப்படிக் காட்டியதில் ஆறு பல் இரண்டாயிற்று. அந்த இரண்டையும் அவர் தட்டிக்கழிக்காமல் செய்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1953 முதல் நடந்துவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் ஆகிய இடங்களிலும் காட்டலாம். ஒரு பொழுது காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள்

பல் மருத்துவரிடம் போகும்போது நாம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் பிடுங்கப் போகிறோமே என்று தாமாக அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பல்லில் வரும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து இதயத்திலோ மூளையிலோ வரலாம். இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். எலும்பு பலத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வகை மருந்துகளுக்குப் பின் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது 2003-இல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவாயிற்று. அவர்களுக்குப் பிடுங்குவதைவிட வேர் சிகிச்சையே பல நேரம் பாதுகாப்பு. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். சர்க்கரைக்காரர்கள் பட்டினியாகப் போகாமல், காலை உணவும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பெரியவர்களும் வீட்டுப் பெண்களும்

எண்பத்தைந்து வயதில் படுக்கையில் இருக்கும் தகப்பனாருக்கு நமக்குச் சொன்ன அதே கணக்கைப் போட முடியாது. தொந்தரவு தராத பழைய வேரைப் பிடுங்க அவரை அலைக்கழிப்பதைவிட, தினம் இருவேளை வாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, வாரம் ஒருமுறை விளக்கு வைத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம். வாய்க் கிருமிகள் மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியா வருவதை இந்தச் சுத்தம் குறைக்கும். இரவில் பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

வீட்டுப் பெண்கள் தமக்கென்று செலவு என்றால் வலித்தாலே சொல்ல மாட்டார்கள், வலிக்காததைச் சொல்வார்களா? நாம் போகும்போது அவர்களையும் அழைத்துப் போவது குடும்பத் தலைவர் கடமை.

கடைப் பழக்கம்

நெல்லையும் அரிசியையும் வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்ப்பது நம் தொழில் வழக்கம். ஈரப்பதம் காட்டும் கருவி வந்துவிட்ட பிறகும் பலர் பல்லையே நம்புகிறார்கள். நாற்பது வருடம் கடித்த பல்லில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். சாக்குத் தையல் சணலைப் பல்லால் அறுப்பதும் அப்படியே. நாளுக்கு ஆறு தடவை சர்க்கரை போட்ட டீ குடித்தால், ஆறு தடவையும் சொத்தைக் கிருமிக்கு விருந்து. எண்ணிக்கையைக் குறைப்பது, சர்க்கரையைக் குறைப்பது, குடித்ததும் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது ஆகியவை காசு செலவில்லாத வைத்தியம். செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம். மென்மையான பிரஷில் ஃபுளோரைடு பற்பசை வைத்து, முக்கியமாக இரவு கடை அடைத்து வந்து சாப்பிட்ட பிறகு, தேய்க்க வேண்டும்.

நினைவில் வைக்க

வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. நிழல் தெரிகிறது என்பதால் இன்றே எல்லாம் செய்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆறாத புண், திட்டு, சீழ், ஆடும் பல், வரவிருக்கும் பெரிய அறுவை ஆகியவற்றுக்கு உடனே நடவடிக்கை தேவை. வேரடி நிழல், வேர்ச் சொத்தை, போன பல்லின் இடம் ஆகியவற்றைக் கேட்டு, கணக்கிட்டு, தேதி வைத்து முடிவு செய்யலாம். நல்ல காரை, உறங்கும் ஞானப்பல், கறை ஆகியவற்றை விட்டுவிடலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை கடையில் இருப்பு எடுக்கும் அதே வாரத்தில் வாயிலும் ஒருமுறை இருப்பு எடுத்துவிடுவது என்று உறுப்பினர்கள் வழக்கப்படுத்திக்கொண்டால், மேலே சொன்ன முடிவுகளில் பாதி, சிறு செலவிலேயே முடிந்துவிடும்.